ஜெர்மனியில் பட்டாளத்துக் குடும்பம், கைக்குழந்தை, துணி நாப்பி: தனியாக இருந்து சமாளிக்க முடியுமா?

ராம்ஸ்டைன்_கண்மணி எழுதியது:

வணக்கம் அக்காமாரே, தோழிகளே. நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ராம்ஸ்டைன் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். தளத்துக்குள் வீடு கிடைக்கவில்லை, வெளியே வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறார். மேல்படிப்புக்கு அமெரிக்கா போனவர், தமிழ் மாதிரி சில மொழிகள் தெரிந்த வெளிநாட்டவரைப் படையில் எடுத்தார்களே அந்த மாவ்னி திட்டம், அதில் சேர்ந்தார். 2016-ல் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள், அதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே போனவர்.

மகளுக்கு மூன்று மாதம் முடியப் போகிறது. அம்மா பிரசவத்துக்கு முன்பே வந்திருந்தார், ஆனால் ஷெங்கன் விசாவில் 180 நாளுக்கு 90 நாள்தான் இருக்க முடியும் என்பதால் குழந்தைக்குக் கழுத்து நிற்பதற்குள் ஊருக்குத் திரும்ப வேண்டியதாகிவிட்டது. வீட்டுக்காரர் தன் 12 வார விடுப்பில் பாதியை எடுத்துவிட்டு மீதியை வைத்திருக்கிறார், இப்போது பயிற்சிக்காக பவேரியாவில் கிராபன்வோர் போயிருக்கிறார். பீல்டில் இறங்கிவிட்டால் போன் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். கடையில் வாங்கும் டயப்பர் போட்டால் குழந்தைக்குத் தொடை இடுக்கு சிவந்து போகிறது. அம்மா இருந்தவரை, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் கொண்டுவந்த துணியைத்தான் கட்டினோம், அப்போது தோல் அவ்வளவு நன்றாக இருந்தது. மாற்றலாகி அமெரிக்கா திரும்பிய ஒரு தோழி ஒரு பை நிறைய பாக்கெட் நாப்பி கொடுத்துவிட்டுப் போனாள், மேலே தண்ணீர் இறங்காத துணி, உள்ளே மைக்ரோபைபர் பட்டை. அம்மா போனபின் பகலில் வேட்டித் துணி, வெளியே போனால் பாக்கெட் நாப்பி என்று ஓட்டுகிறேன். ஆனால் இந்தக் குளிரில் துவைத்தது காய்வதில்லை, கொஞ்ச நாளாக நாப்பியில் மூக்கைத் துளைக்கிற அமோனியா வாடை, ராத்திரி முழுக்கக் கசிவு, விடிந்தால் படுக்கை விரிப்பும் சேர்ந்து துவைக்க வேண்டும். மெஷின் ராணுவத்தில் இரவல் கொடுத்த ஜெர்மன் மெஷின், முன்பக்கம் கதவு உள்ளது, பட்டன் எல்லாம் ஜெர்மன் மொழி. சோப்பு, தளத்துக்குள் கமிசரி என்கிற மளிகைக் கடையில் வாங்கும் அமெரிக்க லிக்விட்.

எந்தச் சூட்டில், எதைப் போட்டுத் துவைக்க வேண்டும்? ராத்திரிக்கு என்ன கட்டுவது? இன்னொன்றும் கேட்க வேண்டும். துணைக்கு ஆள் இல்லாமல் துணி நாப்பியைப் பிடித்துக்கொண்டிருப்பது வீம்பா? அக்கம்பக்கத்தில் எல்லோரும் அன்பானவர்கள்தான், ஆனால் மாலை நாலரைக்கே இருட்டிவிடுகிறது, அந்த நேரத்தில் ஊரில் ராத்திரி ஒன்பது, அம்மா தூங்கப் போய்விடுவார். இருட்டியபின் குழந்தையும் நானும் துவைத்த துணியும்தான். சில நாள் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது.

---

ஹம்_அம்பாள்_வீதி எழுதியது:

தங்கச்சி, முதல்ல வாழ்த்துக்கள். நான் ஹம் நகரத்துப் பக்கம், காமாட்சி அம்பாள் கோயிலுக்குக் கிட்ட இருக்கிறன். மூன்று பிள்ளைகளையும் ஜெர்மனியிலதான் பெற்று வளர்த்தது, பம்பஸ் கொஞ்சம், துணி கூட. மெசின் பற்றி எனக்கு வடிவாகத் தெரியும், அதைச் சொல்கிறன்.

இந்த நாட்டு மெசின் குளிர்ந்த தண்ணீரை எடுத்துத் தானே சூடாக்கும். அதுதான் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல ஓடுது, பழுதில்லை. நாப்பிக்கு நீங்கள் எடுக்க வேண்டியது பௌம்வொல்லெ என்று எழுதியிருக்கிற பருத்திப் புரோக்ராம், 60 டிகிரி. "எகோ 40-60" என்று ஒன்று இருக்கும், அதை நாப்பிக்குத் தொடாதீங்கோ. மின்சாரம் மிச்சம் பிடிக்க நீண்ட நேரம் ஓடும், ஆனால் தண்ணீர் உண்மையில் 60 வரைக்கும் சூடேறாது. பெயரில 60 இருக்கிறதால எல்லோரும் அதைத்தான் அமத்துகினம். "வாசர் பிளஸ்" பட்டன் இருந்தால் அதையும் போடுங்கோ, இந்த மெசின் தண்ணீரை மிகவும் சிக்கனமாகத்தான் எடுக்கும், நாப்பிக்குத் தண்ணீர் தாராளமாக வேணும். முன்கழுவலுக்கு "போர்வெஷெ". தூள் போடுற தட்டில ஒன்று என்று இருக்கிற பெட்டி முன்கழுவலுக்கு, இரண்டு என்றது பெரிய கழுவலுக்கு, இரண்டிலயும் தூள் போட வேணும்.

அடுத்தது தூள். அமெரிக்க லிக்விடை உங்கட உடுப்புக்கு வைச்சுக்கொள்ளுங்கோ. இங்க டிஎம், ரோஸ்மன் கடைகளில "ஃபோல்வாஷ்மிட்டல்" என்று தூளாக விற்கிறதை வாங்குங்கோ, கலர் என்று எழுதினது வேண்டாம், திரவமும் வேண்டாம். தூளில மட்டும்தான் ஆக்சிஜன் வெளுப்பான் இருக்கும், அது 60-ல நல்லாக வேலை செய்து கறையையும் மணத்தையும் எடுக்கும். துணியை மெதுவாக்குற வைக்ஸ்பூலர் ஒரு துளியும் வேண்டாம், துணியில படிஞ்சு ஈரத்தை உறிஞ்ச விடாது.

எவ்வளவு தூள் என்றது உங்கட ஊர்த் தண்ணீரைப் பொறுத்தது. தண்ணீர் நிறுவனம் கடினத்தன்மையைக் கட்டாயம் அறிவிக்க வேணும், உங்கட கிராமத்துப் பெயரைப் போட்டுத் தேடினால் வரும். ஜெர்மன் கடினத்தன்மை அளவில 8.4-க்குக் கீழ என்றால் மென்மை, 14-க்கு மேல கடினம், நடுவில மத்திமம். பெட்டியின் முதுகில இந்த மூன்றுக்கும் தனித்தனி அளவு போட்டிருக்கும், அதில "மிகவும் அழுக்கு" என்ற வரிசையைப் பாருங்கோ. குழந்தைக்கு ஆகாது என்று பயந்து ஒரு சொட்டுத் தூள் போடுற ஆட்கள் எத்தனை பேர், அதுதான் அமோனியா மணத்துக்கு முதல் காரணம். அழுக்கு முழுக்கப் போகாமல் துணியில தங்கிவிடும், அடுத்த முறை மூத்திரம் பட்டவுடன மணக்கத் தொடங்கும்.

ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரி பத்துக்குப் பிறகும் மெசின் போடலாமோ என்று வாடகைக்கு விட்ட வீட்டுச் சொந்தக்காரரைக் கேளுங்கோ. கடையும் ஞாயிறு பூட்டு, தூள் முடிஞ்சால் திங்கள்தான்.

---

கடல்காத்து எழுதியது:

ஹம் அக்கா மெஷினைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் எந்தத் துணி என்பதைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் அமெரிக்க விமானப்படை, மூத்தவன் பிறந்தபோது ஒகினாவாவில் கடேனா தளத்தில் இருந்தோம். அங்கே உங்கள் பிரச்சினைக்கு நேர் எதிர், குளிர் இல்லை, ஆனால் காற்றே ஈரம். மே, ஜூன் மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி பூஞ்சை பிடித்துவிடும்.

அங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது: காய்வதில் தடிமன்தான் எல்லாம். பட்டையும் மேல்துணியும் ஒன்றாகத் தைத்த நாப்பி வீட்டுக்குள் காய ஒன்றரை நாள் ஆகும். ஒற்றை அடுக்குத் துணி சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், கட்டும்போது நாம் மடித்துக்கொள்ளலாம். அங்கே பாட்டிமார் "சராஷி" என்கிற மெல்லிய பருத்தித் துணியை வளையமாகத் தைத்துக் குழந்தைக்கு வைப்பார்கள், பக்கத்து வீட்டு ஜப்பானியப் பாட்டி எனக்கு அப்படி ஒரு கட்டுத் தைத்துக் கொடுத்தார். சூறாவளி வந்து வெளியே போகக்கூடாது என்று அறிவித்து, மின்சாரமும் போன ராத்திரியில் அந்தத் துணியை வாளியில் கையால் அலசி மின்விசிறி இல்லாமலே காயவைத்தேன். பாக்கெட் நாப்பி அன்று ஒரு மூலையில் கிடந்தது.

ஜெர்மனியில் இதற்குச் சமமானது டிஎம் கடையிலேயே இருக்கிறது, 80-க்கு 80 சென்டிமீட்டர் மல்துணி, வெள்ளையாகக் கட்டுக் கட்டாக விற்பார்கள். இரண்டு கட்டு வாங்கி, கட்டுவதற்கு முன் மூன்று நான்கு முறை துவைத்துவிடுங்கள், புதுப் பருத்தியில் எண்ணெய்ப் பசை இருக்கும், முதலில் ஈரம் பிடிக்காது. மேலே போட தண்ணீர் இறங்காத கவர் ஐந்தாறு போதும். கவர் நனையாமல் இருந்தால் துடைத்துவிட்டு அடுத்த முறைக்கும் அதையே போடலாம். இந்த வயதுக்கு எப்படியும் ஒரு நாளைக்குப் பத்துத் துணி போகும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் துவைப்பதென்றால் இருபத்தைந்து முப்பது துணி கையில் இருக்க வேண்டும்.

மைக்ரோபைபர் பட்டை நேராகத் தோலில் படக்கூடாது, ஈரத்தோடு தோலின் பசையையும் இழுத்துவிடும். பைக்குள் செருகியே போடுங்கள். ராத்திரிக்கு அதுவும் போதாது, மேலே அழுத்தினால் பிழிந்தது மாதிரி வெளியே வந்துவிடும். சணல் மாதிரி நார் தரும் ஹெம்ப் செடியில் செய்த பட்டை கிடைக்கும், மெதுவாக உறிஞ்சும் ஆனால் நிறையப் பிடிக்கும். மல்துணி மேலே, ஹெம்ப் அடியில், கவர் மூன்றாவது. உங்கள் ஏபிஓ (ராணுவ அஞ்சல்) முகவரிக்கு அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் உள்நாட்டு அஞ்சல் கட்டணம்தான், ஆனால் சில கடைகள் ஏபிஓவுக்கு அனுப்ப மாட்டார்கள், ஆர்டர் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் கடையில் மொத்தமாக வாங்குவதாக இருந்தால் தளத்தில் வாட் படிவம் வாங்கிக் கொண்டு போனால் 19 சதவீத வரி மிச்சம், கடைக்காரர் ஏற்றுக்கொள்கிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

---

வேலூர்_பட்டாளத்தம்மா எழுதியது:

கண்ணு, நான் உன் அம்மா வயசுக்காரி. எங்கள் வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போன ஊர்கள் உண்டு, நானும் அப்படி ஒரு வீட்டுக்கு வாக்கப்பட்டவள். இவர் மதராஸ் ரெஜிமென்ட். கடல்காத்து ஏபிஓ என்று எழுதினதைப் படித்ததும் எனக்கு 56 ஏபிஓ என்று இன்லேண்ட் லெட்டரில் எழுதிய ஞாபகம் வந்துவிட்டது. ஆள் எந்த மலையில் இருக்கிறார் என்று தெரியாது, அந்த எண் ஒன்றுதான் தெரியும். பெரியவள் பிறந்தபோது இவர் பீல்டு போஸ்டிங், நான் ஜபல்பூர் குவார்ட்டர்ஸில் இருந்தேன். பக்கத்து வீட்டு கர்வாலிப் பெண்ணுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது, ஆனால் இரண்டு வீட்டுக் குழந்தைத் துணியும் ஒரே கொடியில்தான் காயும்.

வேட்டித் துணி கட்டுவது பற்றி. சதுரத்தை முக்கோணமாக மடித்து, அகலமான பக்கம் இடுப்புக்கு, கூர்முனையைக் கால் நடுவே மேலே கொண்டுவந்து, இரண்டு பக்கத்து முனையையும் அதன்மேல் முடிச்சுப் போடு. முடிச்சு தொப்புளுக்கு நேராக வராமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். பெண் குழந்தைக்கு நடுவில் இன்னொரு சின்னத் துணியைப் பட்டையாக மடித்து அடிப்பக்கம் தள்ளி வை, அங்கேதான் ஈரம் சேரும். முன்பக்கம் தடிமனாக வைப்பது ஆண் பிள்ளைக்கு. இறுக்காதே, இரண்டு விரல் நுழைய வேண்டும்.

இன்னொரு வேலை செய். குழந்தை தூங்கி எழுந்ததும், பால் குடித்து முடித்ததும், கால் நீட்டி உட்கார்ந்து உன் இரண்டு பாதத்துக்கும் நடுவில் அதை உட்காரவைக்கிற மாதிரி பிடித்து, கழுத்துக்கும் முதுகுக்கும் கை கொடுத்து, "ஸ்ஸ்ஸ்" என்று சொல். கீழே ஒரு கிண்ணமோ பழந்துணியோ வை. ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளும், நாளைக்கு நாலு துணி மிச்சம். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற வரைக்கும் மலத்துணியைத் தனியாகத் தேய்க்க வேண்டாம், மெஷினே கழுவிவிடும். சோறு ஊட்ட ஆரம்பித்தபின் கழிவறையில் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும்.

வீம்பா என்று கேட்டாயே, இல்லை கண்ணு. ஆனால் உனக்கு உடம்பு முடியாத நாளில் கடை டயப்பரைப் போட்டுவிட்டுத் தூங்கு. பெற்றவள் தூங்குவது குழந்தைக்கு மருந்து. எங்கள் காலத்தில் அது கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் நானும் போட்டிருப்பேன்.

---

கடல்காத்து எழுதியது:

வேலூர் அம்மா சொன்னதை மதிக்கிறேன், ஆனால் குழந்தைக்கு டயப்பரில்தான் சிவக்கிறது என்கிறாள் கண்மணி. தூங்கும் நேரம்தான் நீளமான நேரம், எட்டு மணி நேரம் அதிலேயே கிடந்தால் புண் ஆகிவிடும். ராத்திரிக்கு ஹெம்ப் முயற்சி பண்ணட்டும், நடுராத்திரிப் பாலுக்கு எப்படியும் எழுந்திருக்கத்தான் போகிறாள், அப்போது ஒரு முறை மாற்றினால் கசியாது.

---

வெள்ளைச்சீருடை எழுதியது:

நான் செவிலியர், என் வீட்டுக்காரரும் அமெரிக்கப் படையில் இருப்பவர்தான், முன்பு நாங்களும் ஜெர்மனியில் இருந்தோம். டயப்பரா துணியா என்று முடிவு செய்யும் முன் அந்தச் சிவப்பை நன்றாக வெளிச்சத்தில் பாருங்கள். ஈரம் பட்டுச் சிவந்தது என்றால் துணி தொடும் இடத்தில்தான் இருக்கும், மடிப்புக்குள் அவ்வளவாக இருக்காது. நீங்கள் சொல்வது தொடை இடுக்கு. மடிப்புக்குள்ளேயே அடர்சிவப்பாக இருந்து, ஓரத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தள்ளித் தள்ளி இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருத்துவர் தரும் களிம்பு வேண்டும், நாப்பியை மாற்றினால் மட்டும் போகாது. குழந்தை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். துத்தநாகக் களிம்பு தடவுவதாக இருந்தால் துணிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு மெல்லிய துண்டு வையுங்கள், இல்லையென்றால் களிம்பு துணியில் ஒட்டி அப்புறம் அது ஈரம் பிடிக்காது.

இப்போது நீங்கள் கடைசியில் எழுதிய இரண்டு வரி. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பெரிதாகப் படுகிறது. பிரசவம் முடிந்து முதல் இரண்டு வாரத்தில் அழுகை வந்து போவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு. மூன்று மாதம் ஆகப்போகும்போது அது தொடர்கிறது என்றால் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். உங்கள் மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய, எடின்பரோ கேள்வித்தாள் என்று பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாள் கொடுப்பார்கள், கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்கி, உண்மையை எழுதுங்கள். அதிலே உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றி ஒரு கேள்வி வரும், அப்படி ஒரு எண்ணம் வந்தாலே அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்து, தளத்தில் நியூ பேரன்ட் சப்போர்ட் என்று ஒரு திட்டம் இருக்கிறது. செவிலியரோ சமூகப் பணியாளரோ வீட்டுக்கே வருவார்கள், மூன்று வயதுக்குள் குழந்தை இருக்கிற படைக் குடும்பத்துக்கு இலவசம். எடை பார்ப்பதற்கு, பால் கொடுப்பதற்கு என்று மட்டுமில்லை, உட்கார்ந்து பேசவும் வருவார்கள். இதை வாங்கினால் வீட்டுக்காரர் வேலைக்குக் கெடுதல் வருமோ என்று நம் பெண்கள் தயங்குகிறார்கள். தயவுசெய்து தயங்காதீர்கள், குழந்தை பெற்ற குடும்பத்துக்கென்றே வைத்திருக்கிற உதவி அது. அவருடைய யூனிட்டில் குடும்பங்களுக்கான குழு இருக்கும், அங்கேயும் "வீட்டுக்காரர் பீல்டில் இருக்கிறார், எனக்குக் கைக்குழந்தை" என்று ஒரு வரி சொல்லிவையுங்கள். மீதி விடுப்பை எப்போது எடுப்பது என்பதையும் அவர் கமாண்டரிடம் இப்போதே பேசட்டும், அது குழந்தை பிறந்து ஒரு வருடத்துக்குள் எடுக்க வேண்டியது, அடுத்த பயிற்சி அட்டவணை வந்தபிறகு கேட்டால் தள்ளிக்கொண்டே போகும்.

---

ராம்ஸ்டைன்_கண்மணி எழுதியது:

எல்லோருக்கும் கை கூப்புகிறேன். வெள்ளைச்சீருடை அக்கா, டார்ச் அடித்துப் பார்த்தேன், மடிப்புக்குள் சிவப்பு இருக்கிறது, ஓரத்தில் புள்ளிகளும் இருக்கின்றன. நாளை மறுநாள் குழந்தை மருத்துவரிடம் நேரம் கிடைத்திருக்கிறது. வீட்டுக்கு வரும் செவிலியர் திட்டத்துக்கும் போன் பண்ணிவிட்டேன், அடுத்த வாரம் வருகிறார்கள். அந்தப் போனில் நான் அழுதுவிட்டேன், எடுத்த பெண் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஹம் அக்கா, எங்கள் கிராமத்துத் தண்ணீர் மத்திமம் என்று போட்டிருக்கிறது. போர்வெஷெ பட்டனும் வாசர் பிளஸும் மெஷினில் இருக்கின்றன, தூளும் வாங்கிவிட்டேன். நேற்று முன்கழுவலோடு 60-ல் போட்டு எடுத்தேன், ஈரத்தோடு முகர்ந்தால் வேட்டித் துணியில் வாடை இல்லை, மைக்ரோபைபர் பட்டையில் மட்டும் இன்னும் லேசாக இருக்கிறது.

வேலூர் அம்மா, இன்று காலை எழுந்ததும் காலில் உட்காரவைத்துப் பிடித்தேன். போனாள்! வீடியோவில் பார்த்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, சின்ன வயதில் என்னையும் அப்படித்தான் பிடித்தாராம்.

ஒரே ஒரு சந்தேகம். இங்கே குழந்தைப் பொருள்கள் விற்கும் சந்தையில் கம்பளி நாப்பிக் கவர் ஒன்று விற்றார்கள், ராத்திரிக்கு அது நல்லது என்றாள் விற்ற பெண். கம்பளியை 60-ல் எப்படிப் போடுவது?

---

ஹம்_அம்பாள்_வீதி எழுதியது:

மெசினில போடவே கூடாது தங்கச்சி, சுருங்கிப் பொம்மை உடுப்பு ஆகிவிடும். கம்பளி தன்ர எடையில மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கினாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, அதுதான் ராத்திரிக்கு அதை விரும்புறது. ஒவ்வொரு நாளும் துவைக்க வேண்டாம், காலமை காத்தாட விரிச்சு விட்டால் காணும். மலம் பட்டால் அல்லது மணக்கத் தொடங்கினால், இரண்டு மூன்று கிழமைக்கு ஒருக்கா, இளஞ்சூட்டுத் தண்ணியில கம்பளிச் சவர்க்காரம் போட்டு முறுக்காமல் அலசுங்கோ. பிறகு பால் கொடுக்கிற தாய்மார் முலைக்காம்புக்குப் பூசுற சுத்தமான லானோலின் இருக்குதெல்லோ, அதில ஒரு பட்டாணி அளவு எடுத்து, சுடுதண்ணியில ஒரு சொட்டுக் குழந்தைச் சவர்க்காரத்தோட கரைச்சு, பால் மாதிரி வெள்ளையாக வந்ததும் குளிர்ந்த தண்ணி கலந்து இளஞ்சூடாக்கி, கவரை அதில இரவு முழுக்க ஊறவிடுங்கோ. காலையில துவாயில வைச்சு உருட்டி அமத்தி, தட்டையாகப் போட்டுக் காயவையுங்கோ, ஹீட்டருக்கு மேல போட வேண்டாம். காய இரண்டு நாள் எடுக்கும், அதனால இரண்டு கவர் வாங்குங்கோ. டாக்டர் சொல்றதையும் வந்து எழுதுங்கோ. பூஞ்சை என்றால் அது மாறும் வரைக்கும் நாப்பிக்கு எத்தனை டிகிரி என்றதை அவரிட்டயே கேட்டுக்கொள்ளுங்கோ.